சிறு நிறுவனங்களுக்கு 25 சதவீதம் இருக்கிறது, கட்டில் யாரிடம் வாங்குகிறீர்கள்?

ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் புது விடுதிக்கு 300 கட்டில், 300 மேசை, 300 நாற்காலி, 300 மெத்தை வாங்குகிறது என்று வையுங்கள். மதிப்பீடு 60 லட்சம். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தத் தொகையில் யார் எல்1, அதாவது யார் விலை ஆகக் குறைவு என்று பார்ப்பார்கள். கட்டில் வெல்டிங் பட்டறைக்காரர் மெத்தை தைப்பதில்லை. மெத்தை தைப்பவர் மேசை செய்வதில்லை. ஆக, எல்லாவற்றையும் வாங்கி விற்கிற டீலர் மட்டும்தான் விலை போட முடியும்.

கேட்டால், "பிரிச்சா ஆடிட்ல மாட்டுவோம் சார்" என்பார்கள். பாதி உண்மைதான். 2017 பொது நிதி விதிகளில் 157ஆவது விதி தடுப்பது, மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு போடுவதை. ஒரே டெண்டர், ஒரே ஒப்புதல், உள்ளே பொருளுக்கு ஒரு பட்டியலாக நான்கு ஷெட்யூல், ஒவ்வொன்றுக்கும் தனி எல்1 என்றால் அந்த விதி குறுக்கே வராது.

அடுத்த பூட்டு, முன்அனுபவம். கட்டுமானப் பணிகளுக்கென்று வந்த 40-50-80 கணக்கைக் கட்டில் டெண்டரிலும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அதாவது 60 லட்சத்துக்கு, 24 லட்சத்தில் மூன்று ஆர்டரோ, 30 லட்சத்தில் இரண்டோ, 48 லட்சத்தில் ஒன்றோ முடித்திருக்க வேண்டும். எந்தப் பட்டறையிடம் இருக்கும்? மெத்தையை 9 லட்சத்துக்குத் தனி ஷெட்யூல் ஆக்கினால், அதே கணக்கில் 3.6 லட்சத்தில் மூன்று ஆர்டர் போதும். தரம் குறையாத வரை குறு, சிறு நிறுவனங்களுக்கு அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்தலாம் என்று 2016இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் போர்ட்டலில் அதற்கு 'யெஸ்', 'நோ' என்று ஒரு கட்டமே உண்டு. அதில் பழக்கதோஷத்தில் 'நோ' விழுகிறது.

குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கை ஆணையைப் பலர் முழுக்க இடஒதுக்கீடு மாதிரி நினைக்கிறார்கள். பட்டியலிட்ட சில பொருட்களுக்கு மட்டும்தான் அப்படி, மற்றவற்றில் அதன் வேலை வேறு. எல்1 ஒரு பெரிய நிறுவனம், விலை 100 ரூபாய். சிறு நிறுவனம் 115 ரூபாய்க்குள் போட்டிருந்தால், 100க்கு இறங்கி வரச் சம்மதித்தால், ஆர்டரில் குறைந்தது 25 சதவீதம் அதற்கு. ஆண்டு மொத்தக் கொள்முதல் இலக்கும் இப்போது 25 சதவீதம். அதற்குள் எஸ்சி/எஸ்டி நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துபவற்றுக்கு 3. ஆனால் எஸ்சி/எஸ்டி நிறுவனம் டெண்டருக்கே வரவில்லை என்றால் அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆணையே சொல்கிறது. என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான். வராதபடி டெண்டர் போட்டுவிட்டு, வரவில்லை என்று எழுதிவிடலாம். குறைந்தபட்சம் எஸ்சி/எஸ்டி தொழில்முனைவோருக்கு உதவும் தேசிய எஸ்சி-எஸ்டி ஹப் அலுவலகத்துக்கு டெண்டர் அறிவிப்பை முதல் நாளே அனுப்பி, அனுப்பிய நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம்தான் இருக்கும். பத்தாம் நாள் அனுப்பினால் பயனில்லை.

இன்னொன்று: குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவுச் சான்றைப் பார்த்ததும் சலுகை கொடுத்துவிடாதீர்கள். அதில் தொழில் 'டிரேடிங்' மட்டும் என்றிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. டீலர் பின்வாசல் வழியாக வருவது இப்படித்தான்.

இத்தனையும் தாண்டி ஆர்டர் பெற்றவர் அடுத்த முறை வராமல் போவதற்குக் காரணம் பில். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் ஆன்லைன் போர்ட்டலில் புகார் போடலாம். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் போட மாட்டார்கள். பணம் சிக்குவது பெரும்பாலும் அக்கவுண்ட்ஸில் அல்ல, வந்த சரக்கைப் பதிவேட்டில் ஏற்றும் ஸ்டாக் என்ட்ரியில். துறைத் தலைவர் விடுப்பு, வார்டன் மாறுதல், கையெழுத்து இல்லை. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் சப்ளையர்களே, சரக்கை இறக்கிய லாரி அங்கிருந்து திரும்பும் முன் டெலிவரி சலானில் தேதியோடு ஸ்டோர்ஸ் முத்திரையை வாங்கிவிடுங்கள்.