அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை கடலூரில்

ஜூலை 4 வந்தால் போதும், துப்பாக்கி தூக்கிய அமெரிக்க விவசாயிகள் பிரிட்டிஷ் பேரரசையே மண்டியிட வைத்தார்கள் என்று யாராவது உருகி உருகி எழுதிவிடுகிறார்கள். வீரமெல்லாம் சரி. அந்தத் துப்பாக்கிக்கு மருந்து யார் கொடுத்தது?

பிரான்ஸ்தான். ஒரு போலி வணிக நிறுவனத்தின் பெயரில் ஆரம்பத்திலேயே ரகசியமாக அனுப்பிக்கொண்டிருந்தது. 1777-ல் அமெரிக்காவின் சாரட்டோகாவில் பிரிட்டிஷ் படை சரணடைந்ததும் துணிச்சல் வந்து, 1778 பிப்ரவரியில் வெளிப்படையாகவே உடன்படிக்கை போட்டது. சுதந்திரத்தின் மேல் காதலா? பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயிக்கா? 1763-ல் பிரிட்டனிடம் தோற்ற கணக்கைத் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். 1779-ல் ஸ்பெயின் இறங்கியது பிரிட்டன் கையில் இருந்த ஜிப்ரால்டருக்காக. அடுத்த ஆண்டு பிரிட்டனுக்கு டச்சுக்காரர்களோடும் சண்டை. கரீபியத் தீவுகள், ஜிப்ரால்டர், வங்காள விரிகுடா என்று பிரிட்டன் கப்பல்களைப் பிரித்துப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டன் ஜெயித்ததும் பிரெஞ்சுக் கப்பல்கள் கடல்வழியை அடைத்து நின்றதால்தான்.

நம்மூர்ப் பக்கம் வருவோம். பிரான்ஸ் போரில் இறங்கிய 1778-லேயே பிரிட்டிஷார் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள், மறு ஆண்டு மாஹேயையும். மாஹே தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று சொல்லியிருந்த ஹைதர் அலிக்குக் கோபம். 1780-ல் ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். அமெரிக்காவிலும் இது தெரிந்திருந்தது. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர். 1782-ல் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தும் காட்டியது!

இதையெல்லாம் இரண்டாம் மைசூர்ப் போர் என்று ஒரு பாடத்திலும், அமெரிக்கப் புரட்சி என்று இன்னொரு பாடத்திலும் பிரித்துப் போட்டுவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் மனப்பாடம் பண்ண வைப்பதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொரு கூத்து. 1783 ஜனவரி 20 அன்று வெர்சாயில் பிரிட்டனும் பிரான்சும் முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டாயிற்று. செய்தி கப்பலில் வர வேண்டுமே. ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் தளபதி சுஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் பீரங்கியால் அடித்துக்கொண்டிருந்தன. கரையில் கோட்டைக்கு முன்னால் அதற்கு ஒரு வாரம் முன்புதான் நூற்றுக்கணக்கில் செத்திருந்தார்கள். முடிந்துபோன போருக்காக! செய்தி வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்.

அப்புறம் பங்கு பிரித்தார்கள். பிரான்சுக்குப் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, கூடவே தலைக்கு மேல் கடன். 1781-ல் டச்சுக்காரர்களிடம் பிடித்த நாகப்பட்டினத்தை மட்டும் பிரிட்டன் கடைசிவரை விடவில்லை. மக்களைக் கேட்காமல் வரி போடக் கூடாது என்று தொடங்கிய போர் இது. நாகப்பட்டினத்து மக்களை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.