குதிரை வண்டியிலிருந்து காருக்கு

அக்கா மகளுக்கு 15 வயது. அவளோடு உட்கார்ந்து 1995இல் வந்த 'க்ளூலெஸ்' படத்தை மறுபடி பார்த்தேன். கார் காட்சி வந்ததும் சோபாவில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டாள். "சித்தி, அவன் ஆரம்பத்துல இருந்தே இவளைத்தானே சுத்தி வர்றான். இவளுக்கு மட்டும் எப்படிப் புரியல?" என்றாள். அந்தப் படத்துக்கு அடியில் இருப்பது ஜேன் ஆஸ்டின் 1815இல் வெளியிட்ட 'எம்மா' நாவல். அதன் பெயரைக்கூட அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நாவலைப் படிக்கிறவர் அந்த இடத்தில் என்ன கேட்பாரோ, அதையே கேட்டாள்.

பழைய கதையைப் பதின்வயதினருக்காகப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பேச்சில் கை வைக்கிறார்கள். பாத்திரங்கள் இன்றைய கொச்சையில் பேசிவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தக் கதையில் வரும் பெண் எதை இழக்கப் பயப்படுகிறாள், யார் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதே அளவு வலிக்கிற ஒன்றை இன்றைய வாழ்க்கையில் தேடிப் பிடிக்க வேண்டும். இயக்குநர் ஏமி ஹெக்கர்லிங் அதைப் பிடித்தார். எல்லாரும் எல்லாரையும் கவனிக்கிற, தப்பித்துப் போக முடியாத ஆஸ்டினின் சின்ன ஊருக்குப் பதிலாக அவர் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்தார். நிலமும் குடிப்பிறப்பும் அங்கே செய்த வேலையை, இங்கே யார் யாரோடு சேர்ந்து சாப்பிட உட்காருகிறார்கள் என்பது செய்கிறது.

அந்தக் கார் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வெளியே பனி. தன் தோழி ஹாரியட்டுக்கு என்று எம்மா பார்த்து வைத்திருந்த பாதிரியார் எல்டன், வண்டியில் தனியாக மாட்டியதும் எம்மாவிடமே காதலைச் சொல்கிறார். ஹாரியட்டா, அவள் எங்கே நான் எங்கே என்கிற தொனியில் பேசுகிறார். அதன் பிறகு வீடு வரும் வரை இருவரும் அதே பெட்டிக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தில் அதே எல்டன், கார், தோழி டையைப் பற்றி அதே இளக்காரம். என் அப்பா யார் தெரியுமா என்று கேட்கிறான். எம்மாவின் இடத்தில் இருக்கும் நாயகி ஷேர் கதவைத் திறந்து இறங்கிவிடுகிறாள். எம்மாவுக்கு இல்லாத சுதந்திரம் அது. ஆனால் அவள் இறங்கியது ராத்திரி நேரத்தில் ஆளில்லாத வாகன நிறுத்தத்தில். துப்பாக்கியோடு ஒருவன் வந்து போனையும் பையையும் பறித்து, அவளைத் தரையில் படுக்க வைக்கிறான். 180 வருடத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை ஒரே காட்சி சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. நாவலில் எல்டன் கைக்காயத்துக்குப் போட்டு மிஞ்சிய பிளாஸ்திரித் துண்டையும், அவர் தூக்கிப் போட்ட ஈயமில்லாத பென்சில் கட்டையையும் ஹாரியட் பொக்கிஷமாகப் பெட்டியில் வைத்திருப்பாள். பிறகு எம்மாவின் முன்னால் நெருப்பில் போடுவாள். படத்தில் டை நெருப்பில் போடுவது, எல்டன் அவள் தலைக்கு ஐஸ் வைத்த துண்டும் ஒரு கேசட்டும். 15 வயதில் யாராவது தொட்ட பொருளை ஒளித்து வைத்திருந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இதற்கு நேர் எதிரானது, ஆஸ்டினின் இன்னொரு நாவலை வைத்து 2022இல் வந்த 'பெர்சுவேஷன்' படம். உடை, மாளிகை எல்லாம் ஆஸ்டின் காலம், பேச்சு மட்டும் இன்றைக்கு. அழகுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்கிற மாதிரிப் பேச்சுகூட அதில் வருகிறது. நாவலின் நாயகி ஆன் 27 வயதுக்காரி. எட்டு வருடத்துக்கு முன்னால் பிறர் பேச்சைக் கேட்டுத் தன் காதலனை வேண்டாம் என்றவள். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வாய்மூடி இருப்பதுதான் அவள் கதை. படத்தில் அவள் கேமராவைப் பார்த்து எல்லாவற்றையும் நம்மிடம் கொட்டிவிடுகிறாள். அந்த மௌனம் போனதும் கதையும் போய்விட்டது. மௌனமாக ஒருத்தரை விரும்புவது எப்படி இருக்கும் என்று இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

சரி, 'க்ளூலெஸ்' மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் மிஸ் பேட்ஸ் இல்லை. நாவலில் பாக்ஸ் ஹில் மலைக்கு உலாப் போன இடத்தில், ஓயாமல் பேசுகிற அந்த ஏழைப் பெண்மணியை எல்லார் முன்னாலும் எம்மா ஒரு சொல்லால் குத்திவிடுவாள். வசதியாகப் பிறந்து நொடித்துப் போனவள், இனியும் நொடிக்கப் போகிறவள், அவளிடமா இப்படி என்று எம்மாவின் நண்பர் நைட்லி பிறகு கண்டிப்பார். படத்தில் இதன் சாயல் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் லூசியை ஷேர் மெக்சிகோக்காரியாக நினைத்துப் பேச, அவள் எல் சால்வடோர் நாட்டவள் என்று, நைட்லியின் இடத்தில் இருக்கும் ஜோஷ் கடிந்துகொள்வான். ஆனால் அந்தக் காட்சி சட்டென்று முடிந்துவிடுகிறது.

ஒரு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், திருப்பிப் பேச முடியாத ஒரு பெண்ணைப் பற்றி யாரோ ஒரு வரி போடுவதும், அதற்கு முப்பது சிரிப்புப் பொம்மைகள் விழுவதும் இந்தப் பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதானே? அந்த வரியைப் போட்டது நமக்குப் பிடித்த கதாநாயகி என்று வைத்து, சிரிப்பு அடங்கிய பிறகு அந்தப் பெண்ணின் முகத்தில் கேமராவை நிறுத்துகிற ஒரு 'எம்மா' எனக்கு வேண்டும். யாராவது எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு அக்கா மகளோடு போவேன்.