"அவன் பாத்துப்பான்"னு சொல்றவனுங்கள என்ன பண்றது?

காலைல நாலரை மணி, இன்னும் விடியல, உள்ள வர்ற கப்பல பிடிக்க டக், அதான் பெரிய கப்பல இழுத்துத் தள்ளுற எங்க சின்ன கப்பல், எடுத்துக்கிட்டு சென்னை ஹார்பர் சேனல்ல, அதான் கப்பல் போற ஆழமான வழில, போயிட்டிருக்கோம், மூக்குக்கு நேரா ஒரு மீன்பிடி ஃபைபர் போட். லைட்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஒருத்தன் செல்ஃபோன் டார்ச்ச தூக்கி ஆட்டுறான். குட்டை குட்டையா அஞ்சு ஹாரன் அடிச்சோம். நீ என்ன பண்ணப் போறன்னு புரியலடான்னு அர்த்தம், 1972-ல போட்ட ரூல், உலகம் பூரா அதான். அதுக்கு அவன் மவுண்ட் ரோட்டுல பஸ்ஸ நிறுத்துற மாதிரி ஒரு கைய காட்டிட்டு சாவகாசமா குறுக்கால போறான்!

டேய், என் டக் போட்டா இருந்தா நான் திருப்பிடுவேன். எதிர்ல வர்றது 200 மீட்டர் கப்பல்டா. சேனலுக்கு வெளிய போனா தரை தட்டும், எங்க ஒதுங்கும்? இன்ஜின ரிவர்ஸ்ல போட்டாலும் சடார்னு நிக்காது, அதுவும் ரிவர்ஸ் போட்டா சுக்கான் பேச்ச கேக்காது, மூக்கு அது இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். இன்னொண்ணு, இந்த மாதிரி 200 மீட்டர் கப்பல்ல மூக்குக்கு முன்னால 400 மீட்டர் வரைக்கும் தண்ணி கண்ணுக்குத் தெரியலன்னாலும் ரூல்படி அது ஓகே. நீ அந்த 400-க்குள்ள நின்னு கைய காட்டுற, யாருக்குடா காட்டுற?

உடனே மீனவன திட்டுறான்னு கிளம்பி வராதீங்க. நானே காசிமேடு, என் மச்சான் இன்னைக்கும் வலைக்குத்தான் போறான். கப்பல்காரன் மட்டும் யோக்கியமா? கப்பல ஓட்டுற ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, ஸ்கிரீன்ல ஏஐஎஸ், அதான் ஒவ்வொரு கப்பலும் தன் பேரு, இடத்த ரேடியோல அனுப்புற கருவி, காட்டலைன்னா கடல்ல யாருமே இல்லன்னு நினைக்கிறவனுங்க இருக்கானுங்க. ஃபைபர் போட்ல ஏது ஏஐஎஸ்? ரேடார்லயும் அலையோட அலையா கலந்து போயிடும், ஜன்னல் வழியா கண்ணால பாருங்கடான்னா வலிக்குது.

சின்ன போட்டே இல்லாமயும் முட்டிக்கிட்டாங்களே, மறந்துட்டீங்களா? 2017 ஜனவரி 28, விடிகாலை, எண்ணூர். எல்பிஜிய இறக்கிட்டு வெளிய வந்த பிடபிள்யூ மேப்பிள் கப்பலும், எண்ணெய ஏத்திக்கிட்டு உள்ள போன டான் காஞ்சிபுரமும் துறைமுகத்துக்கு வெளியவே இடிச்சிக்கிச்சு. ரெண்டுலயும் ரேடார், ரெண்டுலயும் கப்பலுக்கு கப்பல் பேசுற விஹெச்எஃப் ரேடியோ, அப்புறம் எர்ணாவூர் கரையில சனங்க தார் மாதிரி கெடந்த எண்ணெய பக்கெட்ல அள்ளுனாங்க, பக்கெட்ல! அந்த நாத்தம் எனக்கு இன்னும் மூக்குல இருக்கு.

விஹெச்எஃப்னதும் ஞாபகம் வருது, அந்த ரேடியோல 16-ஆம் சேனல் ஆபத்துக்கும், ஒரு கப்பல முதல்ல கூப்பிடுறதுக்கும்தான்யா. இன்னைக்கு நான் அந்தக் கப்பல கூப்பிட வாய தொறந்தா எவனோ ரெண்டு பேர் அதுல வஞ்சிரம் என்ன விலைக்குப் போச்சுன்னு பேசிட்டிருக்கான். கிலோ விலை மட்டும் தெளிவா கேட்டுச்சு.

எல்லாத்துக்கும் ஒரே பதில், "அவன் பாத்துப்பான்". கப்பல்காரன் போட்காரன சொல்றான், போட்காரன் கப்பல்காரன சொல்றான், நடுவுல ஹாரன் அடிச்சு அடிச்சு என் காதுதான் போச்சு.

மச்சான் போட்டாவது கப்பல் ரேடார்ல தெரியட்டும்னு போன வருஷம் என் காசுல ஒரு ரேடார் ரிஃப்ளெக்டர், அதான் ரேடார் அலைய திருப்பி அனுப்புற தகடு, வாங்கிக் குடுத்தேன், கம்புல கட்டுனா போதும், கரண்ட்டு கூட வேணாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனா மொட்டைமாடில தொங்குது. கருவாட்டுக்கு காக்கா வராம இருக்குதாம்.