கலியாண கார்டில் சாய்வெழுத்துக்கு எவ்வளவு இடம்?

ஹட்டனில் ஒரு சின்ன பிரஸ்ஸில் கார்ட் டிசைன் செய்கிறேன். தை பிறந்தால் மேசைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் ஃபோனில் ஒரே மாதிரிப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். "அண்ணே, இந்த எழுத்துதான் வேணும்." கொழுத்த கோடு வலப்பக்கம் சாய்ந்து இறங்கி, வளைகிற இடத்தில் மயிரிழையாக மெலிகிற ஆங்கில எழுத்து. போடோனி இட்டாலிக், பிளேஃபேர் இட்டாலிக் என்கிற சாய்வெழுத்து வகை. எனக்கும் அது உயிர்.

வெறும் சாய்வில் வருகிற அழகு இல்லை அது. சின்ன 'ஏ' கையால் எழுதியது போல ஒற்றை வயிறோடு நிற்கும். போடோனியில் சின்ன 'எஃப்' கோட்டுக்குக் கீழே வால் விடும். மாப்பிள்ளை, பெண் பெயருக்கு நடுவே வரும் 'அன்ட்' குறியைப் பெரிதாகப் போட்டாலே கார்டுக்குக் களை வந்துவிடும்.

1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் கைக்கடக்கமான புத்தகங்களை அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ அச்சுக்காக உலோகத்தில் வெட்டிய சாய்வெழுத்து பக்கம் பக்கமாகப் படிக்கத்தான். தடிப்புக்கும் மெலிவுக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பார்மாவில் போடோனியும் பாரிஸில் டிடோ குடும்பமும் எழுத்து வார்த்த காலத்தில். வழவழப்பான காகிதம் வந்த பிறகுதான் அந்த மெல்லிய கோடு அச்சில் பிடித்தது.

நம்மிடம் வருவதோ சொரசொரப்பான மெரூன் அட்டை, அதில் தங்க நிற அச்சு. ஒரு வாடிக்கையாளர் விடாப்பிடியாகக் கேட்டதால் மண்டபம், முகூர்த்தம், முகவரி எல்லாமே அதே எழுத்தில் 9 சைஸில் போட்டுக் கொடுத்தேன். மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போயின. பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு அம்மா கார்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்து, கடைசியில் என்னிடமே நேரம் கேட்டார். மறுத்திருக்க வேண்டியவன் நான்.

இன்னொன்று, தயவுசெய்து தமிழைச் சாய்க்காதீர்கள். பாமினி என்கிற தமிழ் ஃபொண்டில் அடித்து இட்டாலிக் பட்டனை அழுத்தினால் நேர் எழுத்து சரிந்து நிற்கும், அவ்வளவுதான். 'ண'வின் சுழிகள் நசுங்கி முட்டை வடிவாகிவிடும். ஆங்கிலப் பெயர் சாயட்டும், பக்கத்தில் தமிழ்ப் பெயர் தடிப்பும் மெலிவும் உள்ள நேர் எழுத்தில் நிமிர்ந்து நிற்கட்டும். இரண்டும் சேர்ந்து பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

தேயிலைப் பைக்கற்றில் தோட்டத்தின் பெயர், கச்சேரி போஸ்டரில் ஒரே ஒரு வரி, சஞ்சிகையின் தலைப்பு. இங்கெல்லாம் தாராளமாகப் போடலாம், சுற்றிலும் வெற்றிடம் விட்டு. மரண அறிவித்தலில் மட்டும் கூடவே கூடாது. மூடுபனியில் கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருப்பதை பஸ்ஸிலிருந்தே படிக்கிற ஊர் இது.

போன வாரம் ஒரு தம்பியோடு அரை மணி நேரம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். பெயர்கள் 42 சைஸில் சாய்வெழுத்து, மற்றதெல்லாம் 12இல் நேர் எழுத்து. முதல் பிரதியைக் கையில் வாங்கியதும் அவன் சத்தமாக வாசித்தது முகூர்த்த நேரத்தைத்தான்.