கோடு தொட்ட மாதிரிதான் இருந்தது

கம்ப்யூட்டர்ல பிளான் வரையிற ஆட்டோகேட் கத்துக்கிறேன். சுவருக்குள்ளே ஹேட்ச் போட, அதாவது கோடு கோடா நிரப்ப, மூணு நாளா மல்லுக்கட்டுறேன். எல்லை மூடலைன்னு அதே செய்தி. திரையில் நாலு மூலையும் ஒட்டித்தான் இருக்கு. ஜூம் பண்ணிக்கிட்டே போனா, ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி! 0.02 மில்லிமீட்டர்!

காரணம், ஆப்ஜெக்ட் ஸ்னாப் அணைஞ்சு கிடந்தது. எஃப்3 ஒரு தட்டு தட்டியிருந்தா கோடு நுனியிலேயே போய்க் கச்சிதமா உட்கார்ந்திருக்கும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லக் கூடாதா? லைன் எங்கே, சர்க்கிள் எங்கேன்னு பட்டனைக் காட்டவே ஒரு வாரம் ஓடிப்போச்சு. எஃப்8 போட்டா கோடு சாயாதுன்னு சொல்லல. 1:1, அதாவது நிஜ அளவிலேயே வரையணும், ஸ்கேல் எல்லாம் பிரிண்டுக்குத்தான்னும் சொல்லல. யூனிட் பத்தி மூச்சே விடல. மீட்டர்ல போட்ட பிளான்ல, மில்லிமீட்டர்ல ரெடியா வரைஞ்சு வச்ச கதவுப் படத்தை (பிளாக்) செருகினேன். 900 மில்லிமீட்டர் கதவு 900 மீட்டருக்கு விரிஞ்சு நிக்குது! சுவர், கதவுன்னு தனித்தனி லேயர்ல, அதாவது அடுக்குல, இருக்க வேண்டியது அத்தனையும் லேயர் 0-லயே கிடக்கு. ஒண்ணொண்ணா யார் பிரிக்கிறது?

ஐகானை மனப்பாடம் பண்ண வைக்கிறதுக்குப் பேர் பாடமா? கத்துக்க வர்றவங்க நேரத்துக்கு மதிப்பே கிடையாதா?

இப்போ அடுத்த மூலையை ஜூம் பண்ணினேன். அங்கேயும் இடைவெளி.