அணைச் சுவரில் ஏறாதீர்கள்

வாஷிங்டன் நகரின் ராக் கிரீக் பூங்காவில், 1829-இல் கட்டப்பட்ட பியர்ஸ் மில் என்ற பழைய மாவு ஆலையின் அருகே ஒரு சிறிய அணை இருக்கிறது. எப்போது போனாலும் யாராவது அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது! அந்த ஓடையில் இறங்கவே தடை. பாசி படிந்த கல் ஒரு கணத்தில் காலை வாரிவிடும். விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? இத்தகைய அணைகளைத் தாண்டி விழும் நீர், அடியில் சுழன்று மீண்டும் சுவரை நோக்கியே திரும்பும். மழை வெள்ளத்தில் அந்தச் சுழலில் சிக்கினால் நல்ல நீச்சல்காரரும் மீள்வது கடினம். அமெரிக்காவில் உயரம் குறைந்த அணைகள் பலரை விழுங்கியது இப்படித்தான். குழந்தையின் கையைப் பிடித்து ஏற்றிவிடும் அப்பாக்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. சொன்னால் முறைக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, "ஆலைக்காரர்கள் கட்டிய அணை" என்று அங்கேயே கதை வேறு சொல்கிறார்கள். இல்லை ஐயா! ஆலையின் வணிகம் நின்றது 1897-இல். இந்த அணை வெறும் அழகுக்காக 1904-இல் கட்டப்பட்டது. ஹெர்ரிங் மீன்கள் மேலேற வழியில்லாமல் பிற்பாடு மீனேணி அமைக்க வேண்டியிருந்தது. அந்த மீனேணியிலாவது குப்பையைப் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.