ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் குஷனைப் பாருங்கள், அடுத்து வயரை

வேலூர் வெயிலில், காதை முழுசாக மூடுகிற ஹெட்போனில் முதலில் சாவது குஷன். அடுத்து வயர். ஒலியை உண்டாக்கும் டிரைவர் கெட்டுப்போய் ஹெட்போன் குப்பைக்குப் போவது மிக அபூர்வம். ஆனால் கடையில் நாம் கேட்பதெல்லாம் "பேஸ் எப்படி, எத்தனை எம்எம் டிரைவர்" என்றுதான். 40 எம்எம், 50 எம்எம் என்ற அளவை வைத்து ஒலியின் தரத்தைச் சொல்லவே முடியாது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வாங்குகிறவர் கேட்க வேண்டியவை இரண்டு: குஷனைக் கழற்றி வேறு போட முடியுமா? வயரைக் கழற்றி வேறு போட முடியுமா? இரண்டுக்கும் "முடியாது" என்று பதில் வந்தால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு விலை அதிகம்தான்.

குஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோல் எது, ரெக்சின் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியின் மேல் 'லெதர்' என்று அச்சடித்திருந்தாலும் 5,000 ரூபாய்க்குள் வருவது அநேகமாக, துணி மேல் பாலியூரித்தேன் பூசிய ரெக்சின். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டே வரும். பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் அறும். திடீரென்று ஒருநாள் கறுப்புச் செதிலாக உதிர்ந்து கன்னத்திலும் காதிலும் ஒட்டுவது அதனால்தான். பல வருடம் கிடந்த பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். வாங்கும்போதே அதன் ஆயுளில் பாதி போயிருக்கும்.

நம் ஊருக்கு என் தேர்வு வெல்வெட் போன்ற துணிக் குஷன். செதில் உதிராது. கழற்றி, சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் காயப்போட்டு மறுபடி மாட்டலாம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதுவே நல்லது. ரெக்சின் குஷனில் கண்ணாடிக் காம்பு ஓரத்தில் சந்து விழும், அந்தச் சந்து வழியாக பேஸ் ஓடிவிடும். துணிக் குஷனிலும் பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். ரெக்சின்தான் கிடைத்தது என்றால் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் இரண்டும் ஆகாது. தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் தலைப்பட்டையில் பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் ரெக்சினுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது.

மாற்றுக் குஷன் வாங்குவதற்கு முன் பழையதைக் கழற்றி, அது மாட்டியிருந்த பிளாஸ்டிக் தட்டை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். வட்டமா, முட்டை வடிவமா என்பதும் முக்கியம். உள்ளே ஆழம் போதாவிட்டால் காது மடல் டிரைவர் மேல் உள்ள வலையில் இடித்து அரை மணியில் வலிக்கும். ரொம்பத் தடியான குஷன் போட்டால் டிரைவர் காதை விட்டுத் தள்ளிப்போய் ஒலியே மாறிவிடும். மாட்டுவது சுலபம்: குஷனின் உதட்டை ஓரிடத்தில் பள்ளத்துக்குள் நுழைத்து, பழைய ஏடிஎம் கார்டின் மூலையால் சுற்றிலும் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

மாடல் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து எல்லாம் பொருந்திய ஒன்று குறைந்த விலையில் இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு. ஆடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ் ஒலியில் நேர்மையானது, ஆனால் 3 மீட்டர் வயர் நிரந்தரமாகப் பொருத்தியது. அதன் அண்ணன் எம்40எக்ஸில் வயர் கழலும், ஆனால் காதை மூடும் கப்பில் போகும் பின் 2.5 எம்எம், திருகிப் பூட்டும் வகை. கண்ட வயரும் பொருந்தாது. பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500-இல் சாதாரண 3.5 எம்எம் வயர் போதும், அது பெரிய வசதி. குஷன்தான் ஒட்டியே வருகிறது. சோனி எம்டிஆர்-7506 1991-இலிருந்து விற்பனையில் இருப்பதால் அதற்கு மாற்றுக் குஷன் தாராளமாகக் கிடைக்கிறது, வயர் மட்டும் கழலாது. கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. துணிக் குஷனோடு வருகிறது (32 ஓம் வகையில் மட்டும் ரெக்சின்), உதிரிபாகமும் கிடைக்கும். அதில் மின்தடை அளவை வைத்து 32, 80, 250 ஓம் என்று வகைகள் உண்டு. போனிலும் லேப்டாப்பிலும் நேராகச் செருகிக் கேட்பவர்கள் 32 அல்லது 80-ஐ எடுங்கள். 250 ஓமுக்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லையென்றால் சத்தம் போதவில்லை என்று வருந்துவீர்கள்.

வயர் கழலாத ஹெட்போனையும் காப்பாற்றலாம். வயர் அறுவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்: பின்னை ஒட்டி, அல்லது கப்புக்குள் நுழையும் இடத்தில். பாட்டில் பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், வயலினும் கோரஸும் எங்கோ தூரத்தில் கேட்கிறதா? டிரைவர் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். இரண்டு காதுக்கும் பொதுவான எர்த் கம்பி அறுந்திருக்கிறது. அப்போது இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். குரல் நடுவில் பதிவாகியிருப்பதால் அதுதான் முதலில் மறையும்.

பின்னை ஒட்டி அறுந்திருந்தால், பின்னுக்கு மேலே 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். புது மெட்டல் பின்னின் மூடியை முதலில் வயரில் கோத்துக்கொள்ளுங்கள். ஈயம் வைத்து முடித்த பிறகு மூடி மேஜையில் கிடப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் நேரும் தவறு. உள்ளே இருக்கும் இழைகள் வெறும் செம்பு போலத் தெரிந்தாலும் வார்னிஷ் பூசியவை, நடுவே நூலும் ஓடும். சூடான சால்டரிங் அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயம் எடுத்து, இழையின் நுனியை அதில் மூன்று நான்கு விநாடி வையுங்கள். வார்னிஷ் எரிந்து நுனி வெள்ளியாகும். அதற்கு முன் வைத்த ஈயம் ஒட்டியது போல இருக்கும், மின்சாரம் ஓடாது. பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. பின்னின் நுனிக்கு இடது, நடு வளையத்துக்கு வலது, அடிக்குப் பொது. முடித்ததும் மல்டிமீட்டரில் நுனிக்கும் அடிக்கும், வளையத்துக்கும் அடிக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக, பெட்டியில் போட்ட ஓம் மதிப்பை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றில் பூஜ்யம் காட்டினால் இழைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

ப்ளூடூத் வேண்டாமா என்றால், வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் பதில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பேட்டரி தளர்ந்தால் அதை மாற்றித் தருகிறவர்களைத் தேடி அலைய வேண்டும். போனில் ஹெட்போன் செருகும் ஓட்டை இல்லையென்றால் சி-டைப் கன்வர்ட்டர் ஒன்று போதும். அது கெட்டாலும் ஹெட்போன் தப்பிக்கும். அதே போல மடக்கும் கீல் உள்ளதையும் தவிருங்கள். பிளாஸ்டிக் விரிசல் விடும் முதல் இடம் அந்தக் கீல்தான், வீட்டுக்குள் மடக்கி வைக்க அவசியமும் இல்லை.

கப்பின் வெளிப்பக்கம் மூடாமல் வலையாக இருக்கும், முதுகு திறந்த வகையில் காது அவ்வளவாக வேகாது, நாதஸ்வரமும் தம்புராவும் விசாலமாக ஒலிக்கும். ஆனால் ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். மூடிய வகை ஹாரனையும் பேச்சையும் ஓரளவு தடுக்கும், ஃபேனின் தாழ்ந்த இரைச்சலை அவ்வளவாகத் தடுக்காது. தனி அறை இருந்தால் திறந்தது, கூடத்தில் கேட்பவருக்கு மூடியது. இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றாதீர்கள். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, குழந்தைகளுக்கு 75.

கடையில் சோதிக்க ஒரு மிருதங்கத் தனி போதும். தொப்பி (இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி) அடி வலந்தலையை (வலப்பக்கத்தை) விழுங்கினால் பேஸ் வீங்கிய ஹெட்போன், வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் குஷனைக் கழற்றிப் பாருங்கள், டிரைவர் மேல் ஒரு தலைமுடி விழுந்திருக்கும். கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியை ட்வீசரால் மெதுவாக எடுங்கள். மெல்லிய சவ்வில் முனை படக்கூடாது. லேப்டாப்பில் செருகியதும் 'உய்ய்' என்று இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஹெட்போனில் கோளாறு இல்லை. பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.